நீலகிரிக்குக் குடிவருவோருக்கு: கரி அடுப்பில் ஓர் அறையைச் சூடாக்குவது எப்படி

உதகையின் டிசம்பர் இரவைச் சுற்றுலா வந்து பார்ப்பது வேறு, குடியிருந்து கழிப்பது வேறு. விடுதியில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரிரவைச் சமாளித்துவிடலாம். வீடு பிடித்துத் தங்கினால் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும் இரவுகள் வரிசையாக வரும். காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி உப்பு கொட்டியதுபோல் படிந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெப்பமானி அவ்வளவு கீழே போகாது. ஆனால் சாரலும் காற்றும் சேர்ந்து சுவரே நனைந்துபோகும், துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. குளிரைவிட அந்த ஈரம்தான் சமவெளியிலிருந்து வருபவர்களை அதிகம் வாட்டுகிறது.

நாங்கள் ஈரோட்டிலிருந்து இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகக் குடிவருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கரி மூட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. முதலில் அறை, அடுத்து புகைக்குழாய், பிறகு அடுப்பு, அதற்குப் பிறகுதான் கரி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் போகும், சில வேளைகளில் உயிரும் போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எங்கள் முதல் குளிர்காலத்தில் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, வாசலில் வைத்து நன்றாகக் கனியவிட்டு, புகை அடங்கியதும் அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டோம். பழைய வீடுகளில் அப்படிச் செய்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அறை இதமாகிவிட்டது. என் மனைவி தலை வலிக்கிறது என்றார். எனக்குக் குமட்டியது, மதியம் சாப்பிட்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். எழுந்தபோது கால் தள்ளாடியது. உள்ளே எட்டிப் பார்த்தவர், "என்ன தம்பி, தணலை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்களா?" என்று சத்தம் போட்டு, சன்னல்களையெல்லாம் அவரே திறந்துவிட்டார். அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க முடியாது.

அன்று எங்களைப் பிடித்தது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. விறகு எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், வெளியே ஓடிவிடுவோம். கரியில் அந்த எச்சரிக்கையே கிடையாது. புகையில்லாத எரிபொருள் என்றால் நஞ்சில்லாத எரிபொருள் என்று பொருள் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: குழாய் வழியாக வாயு வெளியேறாத எந்தக் கரிச் சட்டியும், எந்தக் கும்முட்டி அடுப்பும் வீட்டுக்குள் வரக்கூடாது. சன்னலைச் சற்றே திறந்துவைத்தால் போதும் என்பதும் வேண்டாம். உறங்கும்போது அந்தச் சன்னலை யார் மூடினார்கள் என்று காலையில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

அறையைத் தயார் செய்தல்

வீடு முழுவதையும் சூடாக்க நினைக்காதீர்கள். குடும்பம் மாலையில் கூடியிருக்கும் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் நல்லது. தெற்குப் பக்கம் சன்னல் இருந்தால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பகல் வெயில் அறைக்குள் ஆழமாக விழும். காலை வெயில் ஏறியதும் திரையை விலக்குங்கள், மாலை நான்கு மணிக்கெல்லாம் சன்னலைச் சாத்திக் கனமான திரையை இழுத்துவிடுங்கள். இதற்குக் காசே செலவில்லை.

அடுத்து இடுக்குகள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, காற்று வீசும் நாளில் கதவோரமாகவும் சன்னல் சட்டத்தோரமாகவும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே வெடுக்கென்று வளைகிறதோ அங்கேதான் உங்கள் பணம் வெளியே போகிறது. கதவின் அடியில் பழைய வேட்டித் துணியில் மணல் நிரப்பித் தைத்த சுருளைப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். கூரை வெறும் தகரமாகவோ சிமெண்டு ஷீட்டாகவோ இருந்தால் அடியில் ஒரு தட்டுக்கூரை அவசியம். சூடு மேலேதான் போகும், தகரம் அதை அப்படியே வானத்துக்குக் கொடுத்துவிடும். தட்டுக்கூரைக்குப் பலகையோ ஜிப்சமோ போடுங்கள். அடுப்புள்ள அறையில் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம்.

எல்லா இடுக்கையும் அடைத்த பிறகு ஒரு துளையை வேண்டுமென்றே வைக்கவேண்டும். அடுப்பு நிற்கப்போகும் இடத்துக்கு அருகில், சுவரின் அடிப்பகுதியில், நான்கு அங்குலக் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு காற்றுவழி. வெளிப்பக்கம் எலி வராமல் வலை கட்டிவிடுங்கள். நெருப்புக்கு வேண்டிய காற்று அங்கிருந்து நேராக அடுப்புக்குப் போய்விடும், உங்கள் முதுகை உரசிக்கொண்டு போகாது. இந்தத் துளையை எந்தக் குளிரிலும் துணி வைத்து அடைக்காதீர்கள்.

புகைக்குழாய்

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். காற்று மெலிந்திருப்பதால் குழாயின் இழுவையும் குறைவு. சமவெளிப் பட்டறைக்காரர் கண் அளவில் போட்டுத்தரும் ஆறடிக் குழாய் இங்கே பயன்படாது. அடுப்பின் தலையிலிருந்து குறைந்தது பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரம் வேண்டும். நுனி கூரை முகட்டைவிட இரண்டு மூன்று அடி மேலே நிற்கவேண்டும். நான்கு அல்லது ஐந்து அங்குல விட்டம் போதும். வளைவு இல்லாமல் நேராக ஏறினால் உத்தமம், தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு வளைவுக்கு மேல் கூடாது. மழை இறங்காமல் மேலே தகரக் குல்லாய்.

அடுப்பை ஒட்டிய பகுதிக்கு ஜி.ஐ. குழாய் போடாதீர்கள். கடுஞ்சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு ஆவியாகும், அதைச் சுவாசிப்பது கெடுதல். பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய் கேளுங்கள். குழாய் மரச்சட்டத்தையோ பலகையையோ கடக்கும் இடத்தில் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் அந்த வழியை விட்டுவிட்டுச் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலேற்றுங்கள்.

ஆங்கிலேயர் காலத்துப் பங்களாவில் குடிவந்திருந்தால் கணப்பு ஏற்கெனவே இருக்கும். அதில் விறகை அடுக்கிக் கொளுத்திக் குளிர் காய்வது பார்க்க அழகுதான். ஆனால் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் அறைக்குக் கிடைக்கும், மீதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கணப்புக்குள் ஓர் இரும்பு அடுப்பை நிறுத்தி, குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் ஏற்றி, சுற்றியுள்ள திறப்பைத் தகடு போட்டு அடைப்பதே சிக்கனம். அதற்குமுன் புகைபோக்கி மேலே திறந்திருக்கிறதா என்று ஆள் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கூரை மாற்றும்போது சிமெண்டு பூசி மூடிவிட்ட புகைபோக்கிகள் இங்கே உண்டு. கூரையில் துளையிடும் வேலை என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அடுப்பு

காஷ்மீர், இமாசலப் பகுதிகளில் புகாரி என்று சொல்கிறார்களே, அந்த வகை மூடிய இரும்பு அடுப்புதான் நமக்கு வேண்டியது. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் தகடு போடச் சொல்லுங்கள், மெல்லிய தகடு இரண்டு குளிர்காலத்தில் வளைந்து ஓட்டையாகிவிடும். உட்புறம் தீச்செங்கல் வைத்தால் தகடும் பிழைக்கும், நெருப்பு அணைந்த பிறகும் இரண்டு மணி நேரம் சூடு நிற்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விறகு சாம்பல் மெத்தையின்மேல் கிடந்துகூட எரியும், மேலிருந்து வரும் காற்றே அதற்குப் போதும். கரி அப்படியில்லை. அதற்குக் காற்று அடியிலிருந்து, கம்பித் தட்டு வழியாக ஏறவேண்டும். ஆகவே கரி அடுப்பில் கம்பித் தட்டு, அதன் கீழே இழுத்து எடுக்கக்கூடிய சாம்பல் தட்டு, அந்தத் தட்டின் முன்புறம் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு நகரும் மூடி, மூன்றும் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: கதவில், கரியின் மட்டத்துக்குச் சற்று மேலே, விரல் அளவுத் துளைகள் மூன்று நான்கு. காரணம் இதுதான். அடியிலிருந்து ஏறும் காற்று கனன்ற கரிக்குள் நுழைந்து செல்லும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. மேலே வந்ததும் அதற்குப் புதுக் காற்று கிடைத்தால் அது எரிந்துவிடும். கரியின் தலையில் மெல்லிய நீலச் சுடர் குதித்தாடுவதைப் பார்த்திருப்பீர்கள், எரிவது அந்த வாயுதான். அந்த நீலம் தெரிகிறவரை நஞ்சும் சூடாக மாறி உங்களுக்கு உதவுகிறது. நீலம் மறைந்து, தணல் சாம்பல் போர்த்து, நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும்போது வாயு எரியாமலே வெளியேறுகிறது. பார்வைக்குச் சாதுவான அந்த நிலைதான் மிக ஆபத்தானது. ஆகவே குழாய்க்குள் திருகி மூடும் தகடு வைப்பதாகப் பட்டறைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்றைக் கீழே குறைத்தால் போதும், போகும் வழியை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இணையத்தில் கிடைக்கிறது. உறங்கும்போது தலை இருக்கும் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். அடுப்புச் செலவில் அதையும் ஒரு பகுதியாகவே கணக்கிடுங்கள்.

எந்தக் கரி?

புகை என்பது மரத்திலிருந்து பிரியும் ஈரமும் எண்ணெயும் தாரும் சேர்ந்தது. மரத்தைக் காற்றுப்படாமல் சுட்டு அவற்றையெல்லாம் முன்கூட்டியே போக்கிவிட்டால் எஞ்சுவது கரி. அதனால்தான் அது புகைவதில்லை. இந்த ஒரு விதியை வைத்து எந்த எரிபொருளையும் எடைபோடலாம். கடலைத்தோலையும் மரத்தூளையும் அழுத்திச் செய்த பழுப்பு நிறப் பிரிக்கெட் கட்டிகளைப் புகையில்லாதவை என்று சிலர் விற்கிறார்கள். அவை தேயிலைத் தொழிற்சாலைப் பாய்லருக்கு நல்ல எரிபொருள். வீட்டு அடுப்பில் புகையத்தான் செய்யும், ஏனென்றால் அவை சுடப்படாதவை. கறுப்பாக, சுட்ட கரித்தூளை அழுத்திச் செய்தவையே புகையில்லாதவை. நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு 'லெகோ' என்ற பெயரில் விற்றார்கள். இதே தத்துவம்தான்.

நம் பக்கம் கிடைப்பவை முக்கியமாக இரண்டு: சீகை (வாட்டில்) மரக் கரி, தேங்காய்த் தொட்டிக் (கொட்டாங்குச்சி) கரி. சீகைக் கரி எளிதில் பற்றும். தொட்டிக் கரி பற்றத் தாமதமாகும், ஆனால் பற்றிவிட்டால் நின்று எரியும்; துண்டுகள் சிறியவை என்பதால் கம்பித் தட்டின் இடைவெளி நெருக்கமாக இருக்கவேண்டும். நான் தொட்டிக் கரியைத்தான் சொல்வேன். ஒரு கிலோ மரக்கரிக்கு நான்கைந்து கிலோ மரம் எரிந்துபோகிறது. 1843-ல் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, இந்த மலைக்குக் கொண்டுவந்ததே விறகுப் பஞ்சத்தால்தான். அதற்குள் சோலைக்காடுகள் அவ்வளவு அழிந்திருந்தன. தொட்டியோ எப்படியும் மிஞ்சும் பொருள். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துத் தேங்காய்க் களங்களிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மேலே வந்துவிடும். மரக்கரிதான் வாங்குவீர்கள் என்றால் எங்கிருந்து வந்த மரம் என்று கேளுங்கள். மலைப் பகுதிகளில் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவதை 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. உங்கள் தோட்டத்து மரமானாலும் அப்படித்தான்.

மூட்டையை வாங்கும்முன் அதன் அடிப்பகுதியில் கைவிட்டு இரண்டு துண்டுகளை எடுங்கள். ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச் சில்லு மோதுவதுபோல் கணீரென்று ஒலிக்கவேண்டும். உடைத்தால் உட்புறம் கருமையாகப் பளபளக்கவேண்டும். மந்தமாகத் தொப்பென்று ஒலித்து, உள்ளே பழுப்பாக இருந்தால் சரியாக வேகாத கரி, அது புகையும். கை ஈரமானால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மழைக்காலத்துக் கரி தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே வாங்கி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

மூட்டையின் அடியில் தங்கும் தூளை எறியாதீர்கள். பத்துக் கிலோ தூளுக்கு முக்கால் கிலோ மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, நல்ல வெயிலில் ஒரு வாரம் காயவைத்தால் அருமையான எரிபொருள். நம் பாட்டிமார் சாணமும் களிமண்ணும் சேர்த்துப் பிடித்த அதே கரி உருண்டை.

கணக்கு

விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். சூட்டின் கணக்கு மாறாது. நல்ல கரி கிலோவுக்குச் சுமார் 7,000 கிலோகலோரி தரும். நன்றாகக் காய்ந்த விறகு 3,500. மின்சாரம் யூனிட்டுக்கு 860. மூடிய அடுப்பில் பத்தில் ஆறு பங்கு அறைக்குக் கிடைக்கிறது என்று வைத்தால், ஒரு கிலோ கரி 4,200 கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோ கரியின் விலை 5 யூனிட்டின் விலையைத் தாண்டினால் மின் ஹீட்டரே மலிவு. இதை மறைத்துவிட்டுக் கரியைப் புகழ்ந்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் மின்கட்டணத்தின் எந்தப் படியில் (ஸ்லாபில்) வரும் யூனிட் என்று பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் மாலையில் நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. இலவச யூனிட்டுகளை உங்கள் விளக்கும் பிரிட்ஜும் ஏற்கெனவே தின்றிருக்கும். ஹீட்டரின் யூனிட்டுகள் எல்லாம் மேல்படிகளில் போய் உட்காரும். கடைசி ரசீதில் மேல்படி விலையைப் பார்த்து, அதை ஐந்தால் பெருக்கி, கரிக்கடை விலையோடு ஒப்பிடுங்கள். விறகோடு ஒப்பிடும் கணக்கு இன்னும் எளிது: கரி விலை விறகு விலையின் இரண்டு மடங்குக்குள் இருந்தால் கரி வாங்கலாம்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சிலிண்டர் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். குழாயில்லாத வாயு ஹீட்டர் அதை அறைக்குள்ளேயே விட்டுவிடும், நாலு நாளில் சுவரில் பூஞ்சை பூக்கும். குழாய் வைத்த கரி அடுப்போ அறையை உலர்த்தும். ஜூலை மாதத்தில் அந்த உலர்ந்த சூட்டுக்கு விலையே கிடையாது.

எங்கள் அறைக்கு மாலை ஆறிலிருந்து பத்து வரை ஒன்றேகால் கிலோ கரி போதுமானதாக இருக்கிறது. திறந்த கணப்பில் பத்துக் கிலோ விறகு போட்டாலும் அந்தச் சூடு வருவதில்லை.

மூட்டுவதும் அணைப்பதும்

குளிர்ந்த குழாய் இழுக்காது. முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, குழாயின் வாயருகே எரியவிட்டு அதைச் சூடாக்குங்கள். புகை கீழே திரும்பாமல் மேலே ஏறுவதைக் கண்ட பிறகு கம்பித் தட்டில் காய்ந்த கற்பூர இலையும் பட்டையும் வைத்து, மேலே ஒரு கைப்பிடி சிறு கரி. கற்பூர இலையின் எண்ணெய்க்கு வேறு எதுவும் ஈடாகாது. மண்ணெண்ணெய் வேண்டாம், பிளாஸ்டிக் அறவே வேண்டாம். பற்றியதும் பெரிய துண்டுகளை உள்ளங்கை உயரத்துக்கு அடுக்கி, அடிமூடியை முழுக்கத் திறந்துவையுங்கள். கால் மணி நேரத்தில் நீலச் சுடர் வரும், அப்போது மூடியைப் பாதியாக்குங்கள். அடுப்பின் தலையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துவிட்டால் இரவுக்கு வெந்நீர் செலவில்லாமல் ஆயிற்று.

படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரி போடுவதை நிறுத்திவிடுங்கள். நெருப்பைச் சாம்பலால் மூடி விடியும்வரை காக்கும் பழக்கம் உறங்கும் அறையில் கூடாது. படுக்கைக்கு வேண்டிய சூட்டுக்கு வேறு வழி இருக்கிறது: அடுப்பின்மேல் மாலையிலேயே இரண்டு செங்கற்களை வைத்து, படுக்கும்போது பழைய கம்பளித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் போடுங்கள். நள்ளிரவு தாண்டியும் அது சூடாகவே இருக்கும்.

யாருக்காவது அடுப்பருகே தலைவலியோ குமட்டலோ வந்தால் காரணம் தேடாமல் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். மயக்கமாக இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, இரண்டு நாள் வெளியே வைத்த பிறகுதான் கொட்டவேண்டும். அணைந்ததுபோல் தெரியும் சாம்பலில் கங்கு ஒளிந்திருக்கும். நம் மலை மண் புளிப்பு, சாம்பல் அதற்கு மருந்து. முட்டைக்கோசுக்கும் பீன்ஸுக்கும் தூவலாம். உருளைக்கிழங்குக்குப் போட்டால் தோலில் சொறி விழும், தேயிலைக்கோ புளிப்பு மண்தான் வேண்டும். குழாயை மே கடைசியில் ஒருமுறை, அக்டோபர் கடைசியில் ஒருமுறை, கயிற்றில் தேங்காய் மட்டைக் கட்டைக் கட்டி மேலிருந்து இறக்கித் துடைத்துவிடுங்கள். கரியில் படிவு குறைவுதான், ஆனால் கோடை முழுக்கச் சும்மா கிடந்த குழாயில் குருவி கூடு கட்டியிருக்கும்.